என் வயலுக்கு நான் போட்ட முள்வேலி

1

நியூசிலாந்தின் ஆக்லாந்து விமான நிலையத்தில் இறங்கினால் நலம் விசாரிக்கும் முன்பே கேள்விகள் வந்துவிடும். பழம் கொண்டு வந்தாயா, விதை கொண்டு வந்தாயா, சமீபத்தில் ஏதாவது பண்ணைக்குள் போனாயா, ஆடு மாட்டைத் தொட்டாயா? ஆடு மாடுகளை நம்பிப் பிழைக்கிற நாடு. அடுத்த நாட்டு நோய் செருப்பில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுமோ என்ற பயம் அவர்களுக்கு. இருபத்திரண்டு வருடமாக நானும் நிரப்பிக் கொடுக்கிறேன். அப்பளம், மிளகாய் வற்றல் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக் காட்டிவிடுவேன். பண்ணைக் கேள்விக்கு மட்டும் யோசிக்காமல் 'இல்லை' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுவேன்.

இந்தப் பங்குனியில் ஊருக்குப் போய்த் திரும்பும்போது முதல்முறையாக 'ஆம்' என்று போட்டேன்.

தனி வரிசையில் நிறுத்தினார்கள். கையுறை போட்ட இளம் அதிகாரி ஒருத்தி என் செருப்பைக் கேட்டு வாங்கித் திருப்பிப் பார்த்தாள். குழாயில் இரண்டு முறை கழுவியும் போகாத வயல் மண் வாரின் இடுக்கில் காய்ந்து கிடந்தது. என்ன மாதிரிப் பண்ணை, என்ன விளைகிறது, என்னென்ன மிருகங்கள் என்று கேட்டாள். எனக்கு வாய் திறந்துகொண்டது. நெல் இரண்டு போகம், சில வருடம் நடுவில் உளுந்து, மேட்டுப் பக்கம் வாழை, அறுப்பு முடிந்தால் செம்மறி, தண்ணீர் நின்றால் வாத்து, வைக்கோலுக்கு எருமை என்று சொல்லிக்கொண்டே போனேன். பின்னால் நின்றவர் பெருமூச்சு விடுவது காதில் விழுந்தது.

"ஒரே பண்ணையிலா இத்தனையும்?" என்றாள்.

"ஒரே வயலில். முறை வைத்து," என்றேன்.

"உங்களுடையதா?"

கொஞ்சம் தயங்கினேன். "என் பேரில் இருக்கிறது," என்றேன்.

செருப்பைக் கழுவி ஒரு பையில் போட்டுத் தந்தாள். நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே கேள்விகளைக் கேட்டிருந்தால் நெல் என்ற ஒரு சொல்லுக்கு மேல் என்னிடம் பதில் இருந்திருக்காது. என்னுடையது என்பதை மட்டும் உரக்கச் சொல்லியிருப்பேன். இடையில் நடந்ததை, என் முட்டாள்தனத்தைக் குறைத்துக் காட்டாமல், இங்கே எழுதுகிறேன்.

2

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் வயலையும் வரப்பையும் நினைத்து உருகுவது வழக்கம். எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை, ஏனென்றால் எனக்கு வயல் நினைவே கிடையாது. பிறந்து வளர்ந்தது நெல்லையில், தச்சநல்லூர். அப்பா பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தாத்தா வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் நஞ்சை, சேரன்மகாதேவிக்குக் கிழக்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் வயலுக்குப் போவதில்லை. யாரும் தடுத்ததாகவும் ஞாபகம் இல்லை. போகவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதில்லை, அவ்வளவுதான். அறுப்பு என்றால் அப்பா குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவார். பத்து நாள் கழித்து மூட்டைகள் வந்து இறங்கும். வயல் என்று சொன்னால் எனக்கு வரும் ஒரே நினைவு சாக்கு வாடையும், மூட்டை சுமந்து வந்தவர்களுக்கு அம்மா போட்டுக் கொடுத்த கருப்பட்டிக் காப்பியும்தான்.

அந்த வயலைப் பயிர் செய்கிறவர் சுடலைமுத்து அண்ணாச்சி. அவருடைய அப்பா காலத்திலிருந்தே வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஆளுக்குப் பாதி. இப்போது அவருக்கு அறுபது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டார். பேசினாலும் எதிராளியின் மனம் கோணாமல் பேசுகிறவர். இந்தக் கதையில் எனக்கு வந்த கஷ்டம் பாதி அவருடைய அந்த நல்ல குணத்தால் வந்தது.

நான் கல்யாணமாகி வந்து சேர்ந்தது ஹாமில்டன். சுற்றிலும் பால் பண்ணைகள். எனக்கு வேலை பால் பரிசோதனைக் கூடத்தில். இந்த ஊர் என்னைக் குறையில்லாமல் வைத்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் போனால் நன்றிகெட்டவள் ஆவேன். என் கணவருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது கூட வேலை பார்க்கிறவர்கள் ஒரு மாதத்துக்கு முறை போட்டுச் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். உப்புச் சப்பில்லாத சாப்பாடு. ஆனால் அதைப்போல இன்னொன்றை நான் சாப்பிட்டதில்லை. இங்கே குப்பியில் வரும் பாலைப் பார்த்தே மாட்டுக்கு மடிநோய் இருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். மாட்டைப் பார்த்தது காரின் ஜன்னல் வழியாக மட்டும்.

அப்பா போனபின் வயல் என் பேருக்கு வந்தது. இங்கே வருமான வரிக்காரர்களுக்கு எழுதிக் காட்டவேண்டும் என்றார்கள். நிலத்தின் வகை என்ன என்று ஒரு கட்டம். நஞ்சையை அப்படியே 'வெட் லேண்ட்' என்று எழுதிவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஒரு அதிகாரி போனில் அழைத்தார். ரொம்பப் பணிவான மனிதர். "அம்மா, இது சதுப்பு நிலமா? பறவைகள் பாதுகாப்பில் இருக்கிறதா? அப்படியென்றால் அதிலிருந்து வருமானம் எப்படி வருகிறது?" என்று கேட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு அது நெல் விளையும் நிலம் என்று விளக்கினேன். "வருடம் முழுவதும் நெல்லா?" என்றார். "ஆமாம்," என்றேன். "மிருகங்கள்?" "கிடையவே கிடையாது," என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

3

இரண்டு வருடத்துக்கு முந்தைய பங்குனியில் ஒரு சொந்தக்காரர் எனக்கு ஒரு படம் அனுப்பினார். அறுத்த வயலில் செம்பழுப்பு நிற ஆடுகள், கண்ணுக்கெட்டிய தூரம். கீழே ஒரு வரி: 'உன் வயலில் ஊரான் ஆடு மேயுது. கேக்க நாதியில்ல.'

எனக்குச் சுருக்கென்றது. நான் இருக்கும் ஊரில் வேலி என்பது சட்டம், மரியாதை எல்லாமும். உன் மாடு என் புல்லைத் தின்றால் நீ வந்து மன்னிப்புக் கேட்கவேண்டும். இரண்டு பண்ணைக்கு நடுவே வேலிக்கு ஆகும் செலவில் ஆளுக்குப் பாதி. இப்படி ஒரு ஊரில் இருபது வருடம் இருந்தவளுக்கு அந்தப் படம் எப்படித் தெரிந்திருக்கும்? அப்பா இல்லை, மகள் தூரத்தில் இருக்கிறாள், அதனால் எவனோ உள்ளே புகுந்துவிட்டான் என்றுதான் தெரிந்தது.

சுடலைமுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். "அண்ணாச்சி, வயலைச் சுத்தி கல்தூண் நட்டு முள்கம்பி போடணும். நான் ஏற்பாடு பண்ணுதேன்," என்றேன்.

"வேலியா? எதுக்குத் தாயி?"

"ஆடு வருதுல்லா?"

"ஆடு வரும்லா," என்றார். வெயில் வரும், மழை வரும் என்கிற மாதிரி. பிறகு, "சரி தாயி. உங்க வயலு. உங்க இஷ்டம்," என்றார்.

நெல்லைக்காரர்கள் 'உங்க இஷ்டம்' என்றால் வேண்டாம் என்று அர்த்தம். அது எனக்குத் தெரியாததல்ல. தச்சநல்லூரில் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஆனால் அன்றைக்கு நான் நியூசிலாந்துக்காரியாக இருந்தேன்.

வேலி வந்தது. அத்தனை பெரிய வயக்காட்டில் என் ஒன்றரை ஏக்கருக்கு மட்டும் நாலு பக்கமும் முள்கம்பி, ஒரு இரும்புக் கதவு, அதற்கு ஒரு பூட்டு. படம் பார்த்துப் பூரித்துப்போனேன். கதவின் அகலத்தில் அறுப்பு மிஷின் நுழையாது என்பதைக்கூட யாரும் யோசிக்கவில்லை. அடுத்த அறுப்புக்கு இரண்டு தூணைப் பிடுங்கிவிட்டுத்தான் மிஷினை உள்ளே விட்டார்களாம். ஊரில் என் வயலுக்கு 'ஜெயிலு' என்று பேர் வைத்துவிட்டார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. "ஜெயிலுக்குக் கீழ்வரப்புல நிக்கேன்" என்று போனில் அடையாளம் சொல்லுகிற அளவுக்கு அந்தப் பேர் நிலைத்துவிட்டது.

அதன்பின் விளைச்சல் குறைந்தது. ஏன் என்று கேட்டால் அண்ணாச்சி, "என்னமோ தாயி, இந்த வருசம் பயிரு எந்திரிக்கல" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

4

இந்த வருடம் அப்பாவின் திதிக்காகப் பன்னிரண்டு நாள் லீவில் போனேன். மகள் நிலாவுக்குப் பரீட்சை, அவள் வரவில்லை. பரீட்சை இல்லாவிட்டாலும் வந்திருக்கமாட்டாள். பதினேழு வயது. ஊருக்கு வந்தால் கொசு, சொந்தக்காரர்கள் கன்னத்தைக் கிள்ளுவது, 'தமிழ் தெரியுமா' என்று எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி. இவற்றுக்குப் பயந்தே அவள் மூன்று தடவை தப்பித்துவிட்டாள்.

திதி முடிந்த மறுநாள் வேலியைப் பார்க்கவேண்டும் என்று கிளம்பினேன். ஆமாம், வயலைப் பார்க்க அல்ல, வேலியைப் பார்க்க. சுடலைமுத்து அண்ணாச்சி பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தொன்பது வயதில் முதல்முறையாக வரப்பில் நடந்தேன். இரண்டு தடவை வழுக்கினேன். "பைய வாங்க தாயி, பைய," என்று அவர் முன்னால் நடந்தார்.

அறுப்பு முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அறுத்த நெல்லின் அடிக்கட்டையான தாள் நின்ற வயல்களில் கொக்குகள் மட்டும் இருந்தன. வேலி கம்பீரமாகத்தான் நின்றது. "எங்க அண்ணாச்சி, ஒரு ஆட்டையும் காணோம்? வேலி போட்டது என் வயலுக்குத்தானே, ஊரு பூராவும் காலியா கெடக்கு?" என்று கேட்டேன். ஒரு பெருமையில் கேட்டதுதான்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று அவர் யோசிப்பது தெரிந்தது. பிறகு சொன்னார்.

"தாயி, இந்த வயக்காடு சும்மா கெடக்கது மாதிரி தெரியும். சும்மா கெடக்க நாளே கெடையாது, கேட்டுக்கிடுங்க. ஆனியில பாபநாசத்துல அணை தொறந்தா காரு நடவு. அது அறுத்த ஈரத்துல வாத்து வரும், சிந்தின மணியையும் நத்தையையும் பொறுக்கும். ஐப்பசியில பிசான நடவு. மாசி, பங்குனியில அறுப்பு. வைக்கோலு மாட்டுக்குப் போவுது, மாட்டுச் சாணம் வாழைக்குப் போவுது. தாளு நிக்குல்லா, அது ஆட்டுக்கு. பகல்ல மேயும். ராத்திரி வயல்லயே அடைச்சுப் போடுவாவ. ஒரு வயல்ல ரெண்டு ராத்திரி, பொறவு அடுத்த வயலு. அதோட புழுக்கையும் மூத்திரமும்தான் அடுத்த வெள்ளாமைக்குச் சோறு. நாங்க கெடைன்னு சொல்லுதோம். ஆடு நம்ம பயிரைத் தின்ன வரல. நாம கூப்பிட்டு, நெல்லு கொடுத்து, வர வைக்கோம்."

"உங்க அப்பாவும் கொடுத்தாவ. வருசா வருசம்," என்று சேர்த்துக்கொண்டார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. "சரி, ஆட்டுக்காரங்க பக்கத்து வயல்ல அடைச்சிருக்கலாமே?" என்றேன்.

"அடைச்சாரு," என்றார் அண்ணாச்சி. "பலவேசம்னு, கயத்தாறுக்கு வடக்க கரிசக்காட்டுக்காரரு. அவ்வோ ஊரு காஞ்சதும் ஆட்டைப் பத்திக்கிட்டு இங்கன வருவாரு. முப்பது வருசமா வாராரு. வந்ததும் மொதக் கெடை உங்க வயல்லதான். ஏன்னா இந்த வரிசையில மேடு இது ஒண்ணுதான். குட்டி போடுத ஆடெல்லாம் இருக்கும்லா, அதுக்குக் காஞ்ச தரை வேணும். போன பங்குனிக்கு வந்து பாத்தாரு, கம்பி கெடக்கு. கீழ வயல்ல அடைச்சாரு. நாலாம் நாளு கோடை மழை. ராத்திரி பூரா கொட்டிட்டு. வயலு கொளமாயிட்டு. நடக்க மாட்டாத குட்டி ஒம்பது. விடியுமுன்ன அம்புட்டும் போயிட்டு தாயி."

"நீங்க கதவைத் திறந்துவிட்டிருக்கலாமே அண்ணாச்சி? சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?"

"ஆடு வரக்கூடாதுன்னுதான வேலி போட்டிய," என்றார். குற்றம் சொல்லுகிற தொனியே இல்லை. "பொறவு தொறக்கத்தான் ஓடுனேன். நான் வாரதுக்குள்ள முடிஞ்சுட்டு."

பலவேசம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ஆற்றுக்கு வடகரை போய்விட்டாராம். இந்த வருடம் வரவே இல்லை. என் வயலோடு சேர்ந்த பதினோரு வயல்களுக்கும் கிடை இல்லாமல் போயிற்று. "ஒரு வருசம் வரலேன்னா சமாளிச்சுக்கிடலாம். ஆட்டுக்காரரு ஒரு தடம் மாறிட்டா மாறுனதுதான். இனி இந்தப் பக்கம் எருவுக்கு எங்க போறதுன்னு தெரியல," என்றார் அண்ணாச்சி. அவருக்கு அவ்வளவுதான் வாழ்க்கை. அந்த மண் விளைந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. ஒரு வருடமாக இதை என்னிடம் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறார், நான் வருத்தப்படுவேன் என்று.

5

அன்று மத்தியானம் நிலாவிடம் வீடியோவில் பேசினேன். அழுகையை அடக்கத் தெரியாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒன்பது குட்டி என்றதும் அவள் முகம் மாறியது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். ஹாமில்டனைச் சுற்றியுள்ள பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை ஆளுக்கொரு ஆட்டுக்குட்டியோ கன்றோ வளர்க்கச் சொல்வார்கள். நிலாவுக்கு எட்டு வயதில் தாயில்லாத ஒரு குட்டி கிடைத்தது. எங்கள் வீட்டுக்குப் பின்னால், குளியலறைத் துண்டில் சுற்றிக்கொண்டு, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புட்டிப்பால் கொடுத்தாள். நான்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு, இந்தக் கண்றாவிக்கெல்லாமா நாம் இவ்வளவு தூரம் வந்தோம் என்று முணுமுணுத்தேன்.

"அம்மா, நீ சாரி சொன்னியா?" என்றாள்.

"யாருகிட்ட?"

"அந்த ஆட்டுக்காரத் தாத்தாகிட்ட."

"அவர் எங்க இருக்கார்னே தெரியாதுடி. நான் என்ன தெரிஞ்சா பண்ணினேன்? தெரியாம நடந்துருச்சு."

"தெரியாம பண்ணினாலும் சாரி சொல்லணும்னு நீதானே சொல்லுவ," என்றாள். அப்புறம் அவளுடைய தமிழ் தீர்ந்துபோய் ஆங்கிலத்தில் படபடவென்று பொரிந்தாள். சாரம் இதுதான்: போய்த் தேடு, பேசு, வேலியை எடு.

நம் பிள்ளைகள் நம்மை விட்டு விலகிப் போகிறார்கள் என்று நான் இதே மாதிரிக் குறிப்புகளில் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன். அன்றைக்கு விலகியிருந்தவள் நான். ஒரு ஆட்டுக்குட்டியின் உயிர் எவ்வளவு பெரியது என்பது எங்கள் வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரிந்திருந்தது. அதைக் கற்றுக்கொடுத்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் நன்றி சொல்லவேண்டும்.

மறுநாள் காலையிலேயே அண்ணாச்சிக்குப் போன் போட்டு வேலியைப் பிடுங்கச் சொன்னேன். "நெசமாவா?" என்று மூன்று தடவை கேட்டார். இரண்டு நாளில் ஒரு தூண் மிச்சமில்லை. கல்தூண் எல்லாம் ஊரில் புடலைப் பந்தலுக்குப் போய்விட்டது. ஆளுக்கு ஆள் தூக்கிக்கொண்டு போனதில் எனக்கு ஏகப்பட்ட புது உறவினர்கள் முளைத்தார்கள்.

6

பலவேசத்தை எங்கெங்கோ விசாரித்தோம். கடைசியில் அவர் அகப்பட்டது தச்சநல்லூருக்கு வடக்கே, நான் தங்கியிருந்த வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில். என் கதையைப் பொறுத்தவரை இது சரியாகத்தான் இருக்கிறது. என் பக்கத்தில் இருப்பது எனக்கு எப்போதும் கடைசியில்தான் தெரியும்.

நானும் சுடலைமுத்து அண்ணாச்சியும் போனோம். வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், எழுபது இருக்கும். ஆடுகள் நிழலுக்குள் தலையைத் தலையோடு சேர்த்து நின்றன.

"இவ்வோதான் அந்த வயலுக்காரவ. வாத்தியார் மக," என்றார் அண்ணாச்சி.

பலவேசம் சாப்பாட்டை மூடிவைத்தார். "ஜெயிலுக்காரவளா?" என்றார்.

அண்ணாச்சிக்கு உயிரே போய்விட்டது. "ஏய், பாத்துப் பேசும் வே," என்று பதறினார்.

"ஆமாய்யா, அவதான்," என்றேன். "வேலியைப் பிடுங்கியாச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாம செஞ்சுட்டேன். ஒம்பது குட்டி போயிட்டுன்னு இந்த வாரந்தான் கேட்டேன். மன்னிச்சுக்கிடணும்."

அவர் கையைக் கழுவினார். நான் வழியெல்லாம் நினைத்து வைத்திருந்ததைச் சொன்னேன். போன குட்டிகளுக்கு ஈடாக என்னால் முடிந்ததைச் செய்கிறேன் என்று. அவர் கையை வீசி அதை ஒதுக்கினார். "அதுக்கு யாராலயும் ஈடு செய்ய ஏலாது. மழையை நீங்களா பெய்ய வச்சிய? விடுங்க."

பிறகு கேட்டார், "நீங்க இருக்க ஊர்ல ஆடு உண்டா?"

"மனுசரைவிட அதிகம்," என்றேன். மலைச்சரிவு முழுக்க வெள்ளையாக, உடம்பெல்லாம் கம்பளி மூடி நிற்கும் என்று சொல்லி, போனில் படம் காட்டினேன். சிறிது தூரத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏ அப்பா, மெத்தையக் கெட்டிவிட்ட மாதிரில்லா இருக்கு. நம்ம வெயிலுக்கு ஒரு நாளு தாங்காது," என்று சிரித்தார். முதல் சிரிப்பு.

"அங்கன கெடை போடுவாவளா?"

"இல்லைய்யா. அதது அதது வேலிக்குள்ளயே மேயும், அங்கயே படுக்கும்."

"அப்பம் பக்கத்து வயலுக்கு எரு?"

இருபத்திரண்டு வருடமாக அந்தச் சரிவுகளைக் காரிலிருந்து பார்த்துவருகிறேன். அப்படி ஒரு கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை. கடையில் உர மூட்டை வாங்கிப் போடுவார்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். அந்த ஊரைப் பற்றி மேற்கொண்டு தெரிந்துகொள்ள அவருக்கு ஒன்றும் இல்லை என்பது போல இருந்தது.

"நான் வாரேன்னு சொல்லல," என்றார் கிளம்பும்போது. "குட்டி செத்துப் போன எடத்துக்கு ஆட்டைக் கூட்டிட்டுப் போக மனசு வரணும். பாப்போம்."

திரும்பும் வழியில் நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். இன்னும் ஐந்து நாளில் விமானம். அவர் வராமலே நான் போய்விட்டால், பதினோரு வீட்டு வயலை உரமில்லாமல் ஆக்கியவள் என்றுதான் அங்கே என் பேர் நிற்கும்.

7

விமானத்துக்கு முந்தின நாள் காலை ஆறு மணிக்கு அண்ணாச்சி கூப்பிட்டார். "தாயி, ஆறு தாண்டிட்டாவ. ஒடனே வாங்க," என்றார். அவர் குரல் அப்படித் தழுதழுத்து நான் கேட்டதில்லை.

ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது வண்டிப்பாதை முழுக்க ஆடு. இருநூறுக்குக் குறையாது. பலவேசம் தொரட்டிக் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். ஆடுகள் நகரவில்லை. என் வயலின் ஓரத்துக்கு வந்ததும் முன்னால் நடந்த கிடாய்களும் தாய் ஆடுகளும் அப்படியே நின்றுவிட்டன. கம்பி இல்லை, தூண் இல்லை, தூண் நட்ட குழிகளையும் மூடியாயிற்று. ஆனாலும் கம்பி கிடந்த இடத்துக்கு ஓரடி முன்னாலேயே நின்று மூக்கை நீட்டி மோந்தன. பின்னாலிருந்து தள்ளின ஆடுகளும் முன்னால் போகாமல் பக்கவாட்டில் சரிந்தன.

"போன வருசம் மோதிப் பழகிட்டு. கம்பி குத்துனது அதுக்கு ஞாபகம் இருக்கு," என்றார் பலவேசம். ஹோய் ஹோய் என்று குரல் கொடுத்துப் பார்த்தார், கம்பால் தட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. சுடலைமுத்து அண்ணாச்சி வெறும் காற்றில் கையை வீசி, "பாருங்க, ஒண்ணும் இல்ல, பாருங்க," என்று ஆடுகளிடம் மன்றாடினார். அந்த நேரத்தில் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நான் போட்ட வேலி, பிடுங்கி எறிந்தபின்னும் அங்கேயேதான் நின்றது.

பலவேசம் கூட்டத்துக்குள் குனிந்து, பிறந்து இரண்டு நாளே ஆன ஒரு செவலைக் குட்டியைத் தூக்கினார். நேராக என்னிடம் வந்தார்.

"பிடிங்க."

"நானாய்யா?"

"நீங்கதான். நெஞ்சோட அணைச்சுராதீய. தாழப் பிடிங்க, தாய் பாக்கணும். பைய உள்ள நடங்க. திரும்பிப் பாக்காதீய."

வாங்கினேன். சூடாக, எலும்பும் தோலுமாக, என் கைக்குள் திமிறியது. தாழப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே, அந்தக் கோட்டைத் தாண்டி வயலுக்குள் நடந்தேன். தாள் காலில் குத்தியது. பின்னால் தாய் ஆடு கத்தியது. குட்டி பதிலுக்குக் கத்தியது. நான் நிற்கவில்லை. இன்னொரு தடவை கத்தல், இந்த முறை கிட்டத்தில். அப்புறம் என் முழங்கையில் ஈரமான ஒரு மூக்கு வந்து இடித்தது. அதற்குப் பின்னால், அணை திறந்த தண்ணீர் வாய்க்காலில் வருகிற மாதிரி, சரசரவென்று குளம்புச் சத்தம் என் இரண்டு பக்கமும் பிரிந்து ஓடியது.

வயல் நடுவில் குட்டியை இறக்கிவிட்டேன். தாய் அதை நக்கிக்கொண்டு நின்றது. சுடலைமுத்து அண்ணாச்சி வரப்பிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பலவேசம் என் பக்கத்தில் வந்து, வயலை ஒரு சுற்றுப் பார்த்தார். தரை காய்ந்திருந்தது.

"ஐயா, அடுத்த பங்குனிக்கும் நான் வாரேன். மகளையும் கூட்டிட்டு வாரேன்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க, நல்லா வாங்க. ஆனா நீங்க வரலேன்னாலும் ஒண்ணுமில்ல தாயி. கம்பி வராம இருந்தாப் போதும்."